உயிர் விஷயத்தில் பூவா தலையாவா?

வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். புதிய மருந்து ஒன்றின் பரிசோதனையில் சேரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்பாவுக்குப் புது மருந்தா, இப்போது வழக்கத்தில் இருக்கும் மருந்தா என்பதை மருத்துவர் முடிவு செய்ய மாட்டாராம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லுமாம். “உயிர் விஷயத்தில் பூவா தலையா போடுவது எந்த ஊர் நியாயம்?” என்று கேட்கிறார்.

கோபம் புரிகிறது. ஆனால் நவீன மருத்துவத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அந்தப் பூவா தலையாதான்.

புது மருந்து ஆய்வுக்கூடத்தையும் எலிகளையும் தாண்டி மனிதர்களிடம் வரும்போது, முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து, நோய் கொஞ்சமாவது அசைகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நோயாளிகளைச் சேர்த்து, இருக்கிற மருந்தோடு புது மருந்தை மோதவிடுவார்கள். வாசகரின் அப்பாவை அழைத்திருப்பது இந்தக் கட்டத்துக்காக இருக்கும்.

மோதவிடுவது ஏன்? எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணினால் போதாதா? போதாது. சளிக்குக் கஷாயம் குடித்தால் ஒரு வாரத்தில் போகும், குடிக்காவிட்டால் ஏழு நாளில் போகும் என்று சொல்வார்களே, அந்தக் கதைதான். புது மருந்து பெறாத ஒரு கூட்டம் பக்கத்தில் இருந்தால்தான் குணமானது மருந்தாலா, தானாகவா என்று தெரியும்.

சரி, இரண்டு கூட்டமாக யார் பிரிப்பது? மருத்துவர் பிரித்தால், புது மருந்தை நம்புகிறவரின் கை தெம்பாக இருக்கும் நோயாளியை அந்தப் பக்கம் தள்ளும். இல்லையென்றால், பாவம் என்று மிகவும் மோசமாக இருப்பவருக்கு அதைக் கொடுக்கும். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். ஒன்றுவிட்டு ஒருவருக்குக் கொடுக்கலாமே என்று அந்தக் காலத்தில் செய்தும் பார்த்தார்கள். அதில் அடுத்த முறை என்ன என்பது மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும். அடுத்தது மருந்து இல்லாத முறை, எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் “நாளைக்கு வாங்கம்மா” என்று சொல்லத்தான் தோன்றும். இதில் மோசடி எதுவும் இல்லை, மருத்துவரின் நல்ல மனசுதான் குறுக்கே வருகிறது.

இதற்கு வழி சொன்னவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆங்கிலேயர். அவர் மருத்துவர் அல்ல, புள்ளியியல்காரர். முதல் உலகப்போரில் விமானியாக இருந்தபோது காசநோய் வந்து, மருத்துவம் படிக்கும் ஆசையை விட்டவர். 1947-ல் அதே காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதிக்கும் வேலை அவரிடம் வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, அமெரிக்காவிலிருந்து மருந்து வாங்க பிரிட்டனின் கையில் டாலர் இல்லாத நேரம் அது. கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க மருந்தே இல்லை.

ஹில் சமவாய்ப்பு எண்களின் (எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் எண்களின்) பட்டியலை வைத்துக்கொண்டு, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்று சீட்டுகள் எழுதினார். ஒவ்வொரு சீட்டையும் ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார். உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும். ஒரு நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று குழு முடிவு செய்த பிறகுதான் தலைமை அலுவலகத்தில் அவருக்குரிய உறையைப் பிரிப்பார்கள். அதுவரை உள்ளே என்ன என்று சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஆளை மாற்ற முடியாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதன் பழைய உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். குடவோலை முறையில் பானைக்குள் இருக்கும் ஓலையை எடுப்பது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். குலுக்குவது மட்டும் போதாது, குலுக்கலைக் கைகளிடமிருந்து காப்பாற்றவும் வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மருத்துவர்கள் சிலர் உறையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த கதைகள் உண்டு. கம்ப்யூட்டர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹில்லின் சோதனையில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4. ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14. எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எது யாருடையது என்று சொல்லாமலே படிக்கவைத்தார்கள்.

நான் சொக்கிப்போகும் இடத்துக்கு இப்போது வருகிறேன். வயதும் எடையும் சமமாக இருக்கும்படி நாமே பார்த்துப் பிரித்துவிடலாம். நமக்குத் தெரியாதவற்றை எப்படிப் பிரிப்பது? 1947-ல் புகைபிடிப்பதால் நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பது தெளிவாகவில்லை. (அதைப் புற்றுநோயோடு சேர்த்துக் காட்டியவர்களில் ஒருவரும் இதே ஹில்தான், 1950-ல்.) ஆனால் குலுக்கல், யாரும் கேட்காமலே, புகைபிடிப்பவர்களை இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டுவிடும். இன்னும் பெயர்கூட வைக்காத மரபணுவையும் அப்படித்தான் பிரித்துப் போடும். பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழலாம். ஆயிரம் தடவை சுண்டினால் எழுநூறு விழாது. நம் அறியாமையையும் சேர்த்துச் சமன் செய்யும் கருவி வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

கூட்டத்தைச் சின்னதாக வெட்டினால் காசு தன் விளையாட்டைக் காட்டிவிடும். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் தந்து பார்த்த 1988-ம் ஆண்டு ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஐந்து வாரத்துக்குள் இதயம், ரத்தக்குழாய் சார்ந்த மரணம் 100-க்கு ஏறக்குறைய 12-ஆக இருந்தது 9-ஆகக் குறைந்தது. வயதுவாரியாக, பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டபோது, ஆய்வாளர்கள் குறும்பாக ராசிவாரியாகவும் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல், மற்றவர்களுக்கு நல்ல பலன் என்று வந்தது! (மேல்நாட்டு ராசிதான், நம்மூர்ச் சந்திர ராசி இல்லை.) இதைச் சோதிடத்துக்குச் சான்றாக ஒருவர் என்னிடமே காட்டினார். தேடித் தேடி வெட்டினால் எதுவும் கிடைக்கும் என்று காட்டத்தான் அவர்கள் அதை அச்சிட்டார்கள். பரம்பரை ரகசியம், கைராசி என்று மருந்து விற்கும் எவரையும் நான் கேட்பது ஒன்றுதான்: உறைக்குள் சீட்டுப் போட்டுப் பார்த்தீர்களா?

இந்தக் குலுக்கல் சென்னையிலும் நடந்தது. 1956-ல், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படும் சேத்துப்பட்டு மையத்தில், காசநோயாளிகளைக் குலுக்கிப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு பக்கமும் அதே மாத்திரைகள். வீடு என்றால் நெரிசலான, வறுமையான வீடு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 100-க்கு 92 பேர் தேறினார்கள், வீட்டில் 86 பேர். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. காசநோய் என்றால் ஊரைவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும் என்ற நினைப்பு உலகம் முழுவதும் ஆட்டம் கண்டது. இதைச் செய்தது அரசுப் பணம். கட்டில் தேவையா என்று சோதிக்க எந்த மருந்துக் கம்பெனி காசு போடும்? இதுபோன்ற கேள்விகளுக்கு நம் அரசுகள் இன்னும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

வாசகரின் அப்பாவுக்கு வருகிறேன். இந்த வகைப் பரிசோதனையில் சீட்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் சிகிச்சை இல்லாமல் போகாது, இன்றைய வழக்கமான மருந்தாவது கிடைக்க வேண்டும். புது மருந்துதான் உசத்தி என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் குலுக்கவே கூடாது. தெரியாததால்தான் குலுக்கல். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எதிர்ப்பக்கம் என்ன மருந்து? இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் (CTRI) இதன் பதிவு எண் என்ன? பாதிப்பு வந்தால் செலவு யாருடையது? நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. அது படிவத்திலேயே எழுதியிருக்கும், தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.