நுனியில் ஒரு கிராம்

பாஸ் என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் போகிறவர்களுக்கு வரும் கைவலிக்கு மீன் காரணமல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1932-இல் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் சுமார் 10 கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதற்குச் சமமான ஒன்றைப் பிடித்தார். உலக சாதனையே அவ்வளவுதான். சாதாரணமாகச் சிக்குவது ஒரு கிலோ, இரண்டு கிலோ. சில நிமிடங்களில் படகுக்கு வந்துவிடும். கையைப் பழுதாக்குவது 20 கிராம் லூர், அதாவது நூலின் முனையில் கட்டும் செயற்கை இரை. நிமிடத்துக்கு இரண்டு முறை வீசினாலே எட்டு மணி நேரத்தில் 960 வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் அதே லூரைச் சுற்றி இழுத்தாக வேண்டும். இடையில் ராடை, அதாவது தூண்டில் கம்பை, கீழே வைப்பதே அபூர்வம்.

வலி எங்கே பிடிக்கிறது என்று பார்த்தால் காரணம் பாதி விளங்கிவிடும். முழங்கையின் வெளிப்பக்கத்தில் விரலால் அழுத்தினால் தட்டுப்படுகிற எலும்பு மேட்டில்தான், மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்குகிற தசைகள் தசைநாண் வழியாக ஒட்டியிருக்கின்றன. எதையாவது இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் சாய்ந்துவிடாமல் நிறுத்துவதும் இவைதான். இறுக்கிய பிடி விடாமல் நீண்டால் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. தசை ஓய்வெடுத்தால் தேறிவிடும். தசைநாணுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது மெல்லத்தான் ஆறும். ஆறுவதற்குள் மறுபடி மறுபடி இழுபட்டால் வருவதுதான் டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அது வரும்.

இனி ராடுக்கு வருவோம். ஒட்டடைக்கம்பை நடுவில் பிடித்தால் ஒரு பாரமும் தெரியாது. அதையே அடியில் பிடித்து நீட்டிப் பாருங்கள், மணிக்கட்டு நோகும். கம்பின் எடை மாறவில்லை. கையிலிருந்து அதன் தூரம்தான் மாறியது. ஏழு அடி ராடில் கை பிடிக்கிற இடத்துக்கு முன்னால் சுமார் 180 செ.மீ. இருக்கிறது, பின்னால் 25 செ.மீ.தான். ஆகவே நுனியில் உள்ள ஒரு கிராமைச் சமன் செய்ய அடிப்பக்கத்தில் ஏழு கிராமுக்கு மேல் வேண்டும். இது ராடைச் சும்மா நீட்டிப் பிடித்திருக்கும்போது. வீசும்போது கணக்கே வேறு. சுழலும் பொருளை அசைக்கத் தேவைப்படும் முயற்சி தூரத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 180-ஐ 25-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 52. அதாவது வீச்சைப் பொறுத்தவரை நுனியில் ஒரு கிராம், அடியில் 50 கிராமுக்குச் சமம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கை சொல்லிவிட்டது. ஒருமுறை ராடின் நுனியில் நூல் ஓடும் வளையம் உடைந்துபோனது. வீட்டில் கிடந்த பெரிய எஃகு வளையம் ஒன்றை ஒட்டிக்கொண்டு கிளம்பினேன். தராசில் இரண்டு கிராம்தான் கூடியிருந்தது. மறுநாள் ஏரியில் ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் நுனி அடங்காமல் தள்ளாடியது. மதியத்துக்குள் முன்கை கனத்துப்போனது. சிறிய வளையத்தை மாற்றியதும் அதே ராடு பழையபடி உயிர்பெற்றது. நல்ல ராடுகளில் நுனிப்பக்க வளையங்களைச் சின்னதாகவும் டைட்டானியத்திலும் செய்வதற்கு இதுவே காரணம். என்னைக் கேட்டால், கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த முதல் இடம் அந்த வளையங்கள்.

கண்ணாடியிழை ராடுகளை 1970-களிலிருந்து கார்பன் இழை ஓரங்கட்டியதும் இதே வழியில்தான். கார்பன் இழை கண்ணாடியிழையைவிட அடர்த்தி குறைந்தது. விறைப்போ சுமார் மூன்று மடங்கு. எனவே அதே விறைப்புக்குக் குழாயை மெல்லியதாகச் செய்யலாம், மிச்சமாகும் எடை நுனிவரை மிச்சமாகிறது.

பின்முனையில் எடை சேர்ப்பது நம் ஊர் ஏற்றத்தின் சூத்திரம். கிணற்றுப் பக்கம் நீண்டு நிற்கிற துலாவுக்குப் பின்னால் கல்லைக் கட்டுவார்களே, அதுதான். அடியில் 30 கிராம் உலோகம் வைத்தால் ராடைக் கிடையாகப் பிடித்திருக்கும்போது நுனியில் நான்கு கிராம் குறைந்த மாதிரி இருக்கும். வீசும்போது அது நுனியில் ஏற்றும் சுமை ஒரு கிராமைக்கூட எட்டாது. தோள் மட்டும் 30 கிராம் அதிகம் சுமக்கிறது. எனவே நுனியை உயர்த்திப் பிடித்தபடி மெதுவாக லூரை ஆட்டுகிறவர்களுக்கு இது உதவும். நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தியே பிடிக்கிறவர்களுக்குத் தேவையில்லை.

நூலைச் சுற்றும் ரீல் கைக்குள்ளேயே இருப்பதால் அதன் எடை மணிக்கட்டைத் திருப்புவதில்லை. 20 கிராம் குறைந்த ரீலுக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரீல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். ஸ்பின்னிங் ரீல் ராடுக்குக் கீழே தொங்குவதால் தானாக நிலைகொள்ளும். பெய்ட்காஸ்டிங் ரீல் ராடின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கவிழப் பார்க்கும் அதை விரல்கள் ஓயாமல் நிறுத்திப் பிடிக்க வேண்டும். அதனால் உயரம் குறைந்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீலாகப் பாருங்கள்.

உண்மையான உழைப்பு பற்சக்கர விகிதத்தில், அதாவது ரீலின் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நூல் உருளை எத்தனை முறை சுழலும் என்பதில், இருக்கிறது. ஆழத்தில் மூழ்கி ஓடும் கிராங்க்பெய்ட் என்ற லூர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவதால் நூலை அரை கிலோ விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் சுற்றும் உருளையின் ஆரம் 17 மி.மீ., கைப்பிடியின் ஆரம் 45 மி.மீ. விகிதம் 8:1 என்றால் கைப்பிடியில் ஒன்றரை கிலோ விசை கொடுக்க வேண்டும். 5.4:1 என்றால் ஒரு கிலோ போதும். மேட்டில் ஏறும்போது சைக்கிளில் சின்ன கியருக்கு மாறுவது போலத்தான்: ஒரு சுற்றுக்கு 85 செ.மீ. வந்த நூல் இப்போது 58 செ.மீ.தான் வரும், சுற்றுகள் கூடும், ஆனால் ஒவ்வொரு சுற்றும் தசைநாணைக் கடிக்காது. புதிய ரீல் வாங்க முடியாதவர்கள் கைப்பிடியை மட்டும் நீளமானதாக மாற்றலாம். ஆரம் 55 மி.மீ. ஆனால் அந்த ஒன்றரை கிலோ ஒன்றேகால் கிலோவாகிறது. லூரைப் புல்லுக்குள் போட்டு உடனே திரும்ப எடுத்து வீசுகிறவர்களுக்கு மட்டும் வேகமான ரீல் வசதி. அங்கே இழுவை குறைவு.

காசு செலவில்லாத ஒன்றும் உண்டு. அரை கிலோ இழுவையோடு வரும் லூருக்கு ராடைச் செங்குத்தாகப் பிடித்தால் அந்த விசை முழுவதும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நெம்புகோலின் முனையில் தொங்கி மணிக்கட்டை முறுக்குகிறது. ராடை நூலின் திசைக்குத் திருப்பத் திருப்ப அந்த முறுக்கு குறைகிறது. நேராகக் காட்டினால் அறவே இல்லை, சுமை ரீலுக்குப் போய்விடுகிறது. மீன் கடிக்கும்போது நுனி வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காகச் சற்றே பக்கவாட்டில் பிடித்தால் போதும். ராடின் பிடியில் கைக்குப் பின்னால் நீளும் வால் முன்கைக்கு அடியில் படிந்திருந்தால் மிச்சமுள்ள முறுக்கை மணிக்கட்டுக்குப் பதில் முன்கை எலும்பு வாங்கிக்கொள்ளும். வாங்கும் ராடில் அந்த வால் முழங்கைக்குக் கொஞ்சம் முன்னால் முடிய வேண்டும்; மிக நீண்டால் சட்டையில் மாட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் ரீலையும் எடுத்துப் போங்கள். ராடில் மாட்டி, ஏரியில் பிடிக்கிற விதமாகவே பிடித்து இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் அரை நிமிடத்தில் எல்லா ராடும் இலேசாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு விரல்கள் தாமாக இறுகத் தொடங்கினாலோ நுனி மெல்லத் தாழ்ந்தாலோ, அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.