மாலிப்டினம் டைசல்ஃபைடு பிரிப்பு: ஊசியை வைத்த பிறகும் கவனம் வேண்டும்

அடுக்கு அமைப்புள்ள கனிமச் சேர்மங்களை நானோ தகடுகளாகப் பிரிக்கும் வேலைக்கு இப்போது நிறைய மாணவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் எடுப்பது மாலிப்டினம் டைசல்ஃபைடும், காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் பியூட்டைல் லித்தியமும்தான். ஆய்வுக் கட்டுரைகளில் செய்முறை ஒரே வரியில் முடிந்துவிடும்: தூளை ஆர்கான் வாயுவில் இரண்டு நாள் பியூட்டைல் லித்தியத்தோடு வைத்து, ஹெக்சேனில் கழுவி, தண்ணீரில் சோனிகேட் செய்தோம் (மீயொலியால் அதிர வைத்தோம்). அந்த ஒரு வரிக்குள் தீப்பிடிக்கக்கூடிய இடங்கள் குறைந்தது மூன்று இருக்கின்றன. மாணவர்கள் பயப்படுவது முதல் இடத்துக்கு மட்டும்தான்.

என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். இந்தச் சேர்மத்தின் அடுக்குகளுக்கு இடையே இருப்பது பலவீனமான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. அந்த இடைவெளிக்குள் லித்தியம் நுழைந்து எலக்ட்ரானை அடுக்குக்குக் கொடுக்கிறது. மிஞ்சும் பியூட்டைல் பகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஆக்டேன் ஆகின்றன. பிறகு தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் கிளம்பி அடுக்குகளைத் தள்ளிப் பிரிக்கிறது. தகடுகளில் தங்கும் எதிர்மின்னூட்டம் அவை மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஜோன்சென், ஃப்ரிண்ட், மாரிசன் ஆகியோர் 1986-இல் ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடை இப்படித்தான் பிரித்துக் காட்டினார்கள்.

ஊசியில் எடுக்கும் கட்டத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயது ஆய்வக உதவியாளர் ஒருவர், பியூட்டைல் லித்தியத்தின் உறவான டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுக்கும்போது பிஸ்டன் கழன்று வந்தது. திரவம் காற்றுப் பட்டுத் தீப்பிடித்தது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. உடம்பில் இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். அடுத்த மாதம் இறந்துபோனார். பாலியஸ்டர் சுடிதாரோடும் துப்பட்டாவோடும் யாராவது ஹூட் (புகை உறிஞ்சும் பெட்டி) பக்கம் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பருத்தி உடை, தீத்தடுப்பு கோட், பூட்டு வைத்த ஊசிமுனை, சிரிஞ்சில் பாதிக்கு மேல் நிரப்பாமல் எடுப்பது: இவற்றில் சமரசம் கிடையாது.

சரி, எடுத்தாயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. வினை முடிந்துவிட்டது என்று மனசு இளகுவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.3 கிராம் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்பது சுமார் 1.9 மில்லிமோல். அதற்கு 3 மில்லிலிட்டர் 1.6 மோலார் கரைசல் ஊற்றுவது வழக்கம், அதில் 4.8 மில்லிமோல் பியூட்டைல் லித்தியம் இருக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு ஒரு லித்தியம் உள்ளே போனாலும், பாதிக்கு மேல் அப்படியே குடுவையில் மிச்சம்!

இந்த மிச்சம்தான் கழுவும் ஹெக்சேனோடு வெளியே வருகிறது. காற்றில் வைத்து வடிகட்டினால் வடிதாளே பற்றிக்கொள்ளும். கழுவி முடித்த கறுப்புத் தூளும் சாதுவானதல்ல. காய்ந்த நிலையில் ஈரக்காற்றுப் பட்டால் அதுவும் சூடேறும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்க் காற்றே அதற்குப் போதும். அதனால் கிளவ் பாக்ஸுக்குள்ளோ (கையுறை பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) ஆர்கான் ஓட்டத்திலோ கழுவுங்கள். தூளைக் காயவிடாமல் ஹெக்சேன் ஈரத்தோடு வைத்திருங்கள். கழுவிய திரவத்தைக் கழிவுக் கேனில் கொட்டக் கூடாது. பனிக்கட்டிக் குளியலில் வைத்து, ஆர்கான் ஓடும்போதே ஐசோப்ரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அணைக்க வேண்டும். தண்ணீர் கடைசியில்தான்.

அப்புறம் தண்ணீர்க் கட்டம். 0.3 கிராமுக்கு வரும் ஹைட்ரஜன் அதிகபட்சம் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர். குறைவுதான். ஆனால் சரியாகக் கழுவாத மாதிரியில் மிஞ்சிய பியூட்டைல் லித்தியம் 70 மில்லிலிட்டர் பியூட்டேனையும் சேர்த்துக் கொடுக்கும், சூட்டோடு. மூடி இறுக்கிய பாட்டிலை சோனிகேட்டரில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். மூடி திறந்தே இருக்க வேண்டும், ஹூட்டுக்குள் இருக்க வேண்டும், தண்ணீரை மெதுவாகச் சேர்க்க வேண்டும். தீ வந்தால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோ உதவாது. உலர் தூள் அணைப்பான் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு ஆபத்தைத் தாங்குவதற்கு முன் வழிகாட்டியிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: நமக்கு லித்தியம் வழிதான் வேண்டுமா? இந்த முறையில் குறைக்கடத்தியான 2ஹெச் என்ற அணு அமைப்பு பெருமளவு உலோகத்தன்மையுள்ள 1டி ஆக மாறிவிடுகிறது. ஹைட்ரஜன் உண்டாக்கும் வினையூக்கி ஆய்வுக்கு அது வரம். ஒளிர்வு பார்க்க வேண்டும் என்றால் 300 டிகிரி அளவில் சூடாக்கித் திரும்பவும் 2ஹெச் ஆக்க வேண்டியிருக்கும். சில அடுக்குத் தகடுகள் போதும் என்றால், பொருத்தமான கரைப்பானில் நேரடியாக சோனிகேட் செய்தாலே கிடைக்கும், லித்தியமே வேண்டாம். டைட்டேனியம் ஆக்சைடுத் தகடுகள் வேண்டுபவர்களுக்கு ஜப்பானின் சசாகி குழு 1990-களில் காட்டிய வழி இருக்கிறது: அடுக்கு டைட்டனேட்டை அமிலத்தில் வைத்துப் புரோட்டானை ஏற்றி, டெட்ராபியூட்டைல் அமோனியம் ஹைட்ராக்சைடு கரைசலில் குலுக்கினால் பிரிந்துவிடும். அந்தக் கரைசல் தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும் பொருள் எதுவும் அதில் இல்லை.