மின்னல் ஒன்று, களம் பல: மேஜிக் சீட்டாட்டத்தின் கணக்கு

லைட்னிங் போல்ட் என்ற சீட்டில் இருப்பது ஒரே ஒரு வரிதான். குறிவைத்ததற்கு மூன்று புள்ளி சேதம். அதற்கு ஆகும் செலவு ஒரு சிவப்பு மேனா. 1993 ஆகஸ்டில் ‘மேஜிக்: தி கேதரிங்’ வெளிவந்தபோது முதல் தொகுப்பிலேயே இருந்த சீட்டு இது. முப்பது ஆண்டு தாண்டியும் அந்த வரி அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒரு மேஜையில் எல்லோரும் அள்ளிக்கொள்ளத் துடிக்கும் இதே சீட்டை, அடுத்த மேஜையில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். ஒருவர் இது சிறந்த சீட்டு என்பார், இன்னொருவர் சுமார் என்பார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும். காரணம், இருவரும் ஆடுவது வேறு வேறு ஃபார்மட், அதாவது ஆட்ட வகை.

ஆட்டத்தின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரம்மியில் எல்லோரும் ஒரே கட்டிலிருந்து எடுப்பார்கள். மேஜிக்கில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தயாரித்து எடுத்து வருவார். அதற்கு டெக் என்று பெயர். தொடக்கத்தில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, கையில் ஏழு சீட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுக்கலாம் (ஆட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் தன் முதல் முறையில் எடுப்பதில்லை), ஒரு லேண்ட் இறக்கலாம். லேண்ட் தரும் சக்திதான் மேனா. மேனாவிலும் சீட்டுகளிலும் சிவப்பு, பச்சை என நிறங்கள் உண்டு. மேனாவைச் செலவழித்து மந்திரம் போடலாம், சண்டையிடும் உயிரினங்களை இறக்கலாம். இவற்றை ஆட்டக்காரர்கள் கிரியேச்சர் என்பார்கள். எதிராளியின் 20 பூஜ்யமானால் வெற்றி. ஃபார்மட் மாறினாலும் இந்த விதிகளில் பெரும்பாலானவை மாறுவதில்லை. எந்தச் சீட்டுகள் செல்லும், ஒரே சீட்டை எத்தனை வைக்கலாம், டெக்கில் மொத்தம் எத்தனை சீட்டு, மேஜையில் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளுக்கான விடைகள்தான் மாறுகின்றன. அந்த நான்கு எண்களைத் திருகினால் ஆட்டமே வேறாகிவிடுகிறது.

இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணித முனைவர். அவருடைய துறை சேர்வியல், பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று எண்ணும் கணிதம். ஆனாலும் முதல் விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டெக்கில் குறைந்தது 40 சீட்டு இருக்க வேண்டும். ஒரே சீட்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். மக்கள் பேக் எனப்படும் மூடிய சீட்டுப் பொட்டலங்கள் சிலதான் வாங்குவார்கள், அரிய சீட்டு ஒன்றிரண்டுக்கு மேல் யாரிடமும் சேராது, கிடைப்பதன் அருமையே கட்டுப்பாடாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்.

விளைவு என்னவாகும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 லைட்னிங் போல்ட், சிவப்பு மேனா தரும் 16 மலை லேண்ட், மொத்தம் 40. எதிராளியின் 20 புள்ளியை முடிக்க ஏழு போல்ட் போதும். இரண்டாவதாக ஆடுபவர் தன் நான்காவது முறைக்குள் 11 சீட்டு பார்த்திருப்பார். அதில் சராசரியாக ஆறரைக்குச் சற்று மேல் போல்ட் இருக்கும். ஆக நான்காவது அல்லது ஐந்தாவது முறையில் ஆட்டம் முடிந்துவிடும். எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஓர் ஆட்டம் நீண்ட நாள் ஓடாது. 1994-ல் போட்டி விதிகள் வந்தன. குறைந்தது 60 சீட்டு. மலை போன்ற அடிப்படை லேண்ட் தவிர எதுவும் நான்குக்கு மேல் கூடாது. மிகவும் வலிய சில சீட்டுகள் ஒன்றுதான் வைக்கலாம், சில கூடவே கூடாது.

நான்கு, அறுபது என்ற இந்த இரண்டு எண்களையும் நான் மிகவும் மதிக்கிறேன். 60-ல் நான்கு பிரதி இருந்தால், தொடக்க ஏழில் குறைந்தது ஒன்று வந்திருக்க வாய்ப்பு 40 சதவீதம். முதலில் ஆடுபவர் நான்காவது முறைக்கு வரும்போது பத்து சீட்டு பார்த்திருப்பார். அப்போது அது 53 சதவீதம். ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போலத்தான். நம்பித் திட்டம் போடவும் முடியும், நம்பி ஏமாறவும் முடியும். லேண்டிலும் இதே இழுபறி உண்டு. 60-ல் 24 லேண்ட் வைத்தால், ஏழு கைக்கு ஒரு கை லேண்டே இல்லாமலோ ஒன்றோடோ வந்து நிற்கும். டெக் தயாரிப்பவருடைய வேலையில் பாதி இந்த ஏழில் ஒன்றோடு மல்லுக்கட்டுவதுதான்.

அடுத்தது, எந்தச் சீட்டுகள் செல்லும் என்ற கேள்வி. 1995-ல் இது இரண்டாகப் பிரிந்தது. ஏறத்தாழ எல்லாச் சீட்டும் செல்லும் வகைக்கு இன்றைய பெயர் விண்டேஜ். அண்மைத் தொகுப்புகள் மட்டும் செல்லும் வகைக்குப் பெயர் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டில் பழைய தொகுப்புகள் குறித்த காலத்தில் வெளியேறிவிடும். முன்பு ஏறத்தாழ இரண்டாண்டு ஆயுள் இருந்தது, 2023-ல் அதை மூன்றாண்டாக நீட்டினார்கள். லைட்னிங் போல்ட் 2009-லும் 2010-லும் அடிப்படைத் தொகுப்புகளில் மறுபடி அச்சாகி ஸ்டாண்டர்டுக்குத் திரும்பியது; 2011 சுழற்சியில் வெளியேறியது. அது இருந்த காலத்தில் மூன்று புள்ளிக்குத் தாங்காத கிரியேச்சரை இறக்கவே யோசித்தார்கள். அது போன பின், அதுவரை தூசி படிந்து கிடந்த கிரியேச்சர்கள் உயிர் பெற்றன. ஒரு குளத்திலிருந்து விரால் மீனை எடுத்துவிட்டால் சிறு மீன்கள் பெருகுவது போலத்தான்.

பழைய சீட்டுகள் நிறையச் செல்லும் ஃபார்மட் ஏன் வேகமாக இருக்கிறது? பழைய சீட்டுகள் வலியவை என்பது பாதி விடைதான். மீதியைச் சேர்வியல் சொல்கிறது. 2000 சீட்டு செல்லும் ஃபார்மட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏறத்தாழ 20 லட்சம் ஜோடிகள். மேஜிக்கில் இதுவரை வந்த வெவ்வேறு சீட்டுகள் 25,000-க்கும் மேல். அவற்றை ஜோடி சேர்த்தால் 31 கோடியைத் தாண்டும். சீட்டு பன்னிரண்டரை மடங்கு கூடும்போது ஜோடி நூற்றைம்பது மடங்கு கூடுகிறது. அந்தக் கோடிகளில் எங்கோ ஒன்று, செய்தவர்களே நினைத்துப் பார்க்காத வகையில் பொருந்திவிடும்.

அப்படி ஒரு ஜோடியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஸ்பிளின்டர் ட்வின் 2010-ல் வந்தது, நான்கு மேனா. ஒரு கிரியேச்சரின் மேல் இதைப் பொருத்தினால், அந்தக் கிரியேச்சரைச் சாய்த்துவைத்து (பயன்படுத்தியதற்கு அடையாளமாகச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி) அதன் நகல் ஒன்றை உண்டாக்கலாம். நகல் உடனே தாக்கவும் செய்யும். டிசீவர் எக்சார்க் 2011-ல் வந்தது, மூன்று மேனா. அது களத்தில் இறங்கும்போது சாய்ந்து கிடக்கும் நம் சீட்டு ஒன்றை நிமிர்த்தலாம். இப்போது எக்சார்க்கின் மேல் ட்வினைப் பொருத்துங்கள். சாய்த்தால் நகல் வருகிறது, வந்த நகல் மூல எக்சார்க்கை நிமிர்த்துகிறது. மறுபடி சாய்த்தால் மறுபடி நகல். நூறு வேண்டுமா, பத்தாயிரம் வேண்டுமா, நாம் சொல்கிற எண்ணிக்கை. மூன்றாவது முறையில் எக்சார்க், நான்காவது முறையில் ட்வின், ஆட்டம் முடிந்தது. மாடர்ன் ஃபார்மட்டில் இது பல ஆண்டு கோலோச்சியது. 2016 ஜனவரியில் ட்வினைத் தடை செய்தார்கள். 2024 டிசம்பரில் தடையை நீக்கினார்கள். எட்டாண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியபோது, சுற்றிலும் இருந்த சீட்டுகள் அத்தனை வேகமாகிவிட்டிருந்தன.

மாடர்ன் பிறந்ததற்கு ஒரு பணக் காரணமும் உண்டு. சில பழைய சீட்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1996-ல் வாக்குறுதி கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. அந்தச் சீட்டுகள் இல்லாமல் விண்டேஜிலோ அதன் தம்பியான லெகசியிலோ ஈடுகொடுத்து ஆடுவது கடினம். விலையோ ஏறிக்கொண்டே போகும். 2011-ல் அறிமுகமான மாடர்ன், 2003-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. பட்டியலில் உள்ள சீட்டு எதுவும் அதற்குள் வராது, எதையும் மறுபடி அச்சிடலாம். போல்ட்டும் மாடர்னில் செல்லும். பிளாக் லோட்டஸ் என்ற புகழ்பெற்ற சீட்டு இதற்கு மறுமுனை. செலவே இல்லாமல் இறக்கி, தியாகம் செய்து மூன்று மேனா பெறலாம். லெகசியில் தடை, விண்டேஜில் ஒன்று மட்டும் அனுமதி.

பாப்பர் என்றொரு ஃபார்மட் உண்டு. எளிதில் கிடைக்கும் சாதாரணச் சீட்டுகள் மட்டும்தான் அதில் செல்லும். போல்ட் சாதாரணச் சீட்டாக அச்சானதால் அங்கே நான்கு பிரதியும் வைத்து ஆடலாம். செலவு குறைவு, ஆட்டத்தின் ஆழமோ குறையவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி கமாண்டர். இன்று வீட்டு மேஜைகளில் பெரிதும் ஆடப்படுவது இதுதான். 1990-களில் அலாஸ்காவில் நண்பர்கள் சிலர் தொடங்கியது. 1994-ல் வந்த லெஜண்ட்ஸ் தொகுப்பின் ஐந்து மூத்த டிராகன்களில் ஒன்றைத் தலைவனாக வைத்து ஆடினார்கள். நூறு சீட்டு, தலைவன் உட்பட. அடிப்படை லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. பெரும்பாலும் நான்கு பேர், ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி. ஒரே தலைவனிடம் 21 புள்ளி அடி வாங்கினால், எவ்வளவு உயிர்ப்புள்ளி மிச்சமிருந்தாலும் தோல்வி. ஏன் 21? அந்த டிராகன்கள் ஐந்துக்கும் தாக்கும் வலிமை ஏழு. மூன்று அடி என்றால் இருபத்தொன்று.

போல்ட்டை இங்கே கொண்டுவந்து பாருங்கள். எதிரே மூன்று பேர், மொத்தம் 120 புள்ளி. முடிக்க ஆளுக்குப் பதினான்காக 42 போல்ட் வேண்டும். வைக்க அனுமதி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் தொடக்க ஏழில் வர வாய்ப்பு ஏழு சதவீதம். சரி, எதிராளியின் கிரியேச்சரைக் கொல்லப் பயன்படுத்தலாமே? இருவர் ஆட்டத்தில் என் சீட்டு ஒன்று போகும், அவருடையதும் ஒன்று போகும், கணக்கு சமம். நால்வர் ஆட்டத்தில் நான் ஒன்று இழந்தேன், அவர் ஒன்று இழந்தார். மற்ற இருவரும் எதையும் இழக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் இருவருமே பின்தங்கிவிட்டோம். அதனால்தான் களத்தையே துடைத்துப் போடும் சீட்டுகளுக்குக் கமாண்டரில் மவுசு. யாரை அடிப்பது என்பதைவிட, யாரை இப்போதைக்கு அடிக்காமல் விடுவது என்ற பேச்சுவார்த்தை அங்கே பெரிய கலை. ஒற்றைப் பிரதி விதியால் ஒரே டெக்கைப் பத்து முறை ஆடினாலும் பத்து விதமாகப் போகும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான் தலைவன். அவன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தனியே இருப்பான். இறந்தாலும் திரும்ப அழைக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு மேனா கூடுதலாகும்.

டிராஃப்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், எனக்கு நெருக்கமானது அதுதான். இங்கே யாரும் டெக் எடுத்து வருவதில்லை. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஆளுக்கு மூன்று பேக். பல ஆண்டுகளாகப் பேக்குக்கு 15 சீட்டு, இப்போது 14. எல்லோரும் ஒரு பேக்கைப் பிரித்து, ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை இடப்பக்கம் தள்ளுவார்கள். வலப்பக்கமிருந்து வருவதில் மறுபடி ஒன்று. இரண்டாவது பேக் எதிர்த்திசையில் சுற்றும், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். எடுத்ததிலிருந்து 23 சீட்டு, அதோடு 17 லேண்ட், 40 சீட்டு டெக். வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சே இல்லை.

போல்ட் சாதாரணச் சீட்டாக வந்த மேஜிக் 2010 தொகுப்பில் சாதாரணச் சீட்டுகள் 101 வகை, பேக்குக்குப் பத்து. மேஜையில் 24 பேக். ஆக எட்டுப் பேருக்கும் சேர்த்து சராசரியாக இரண்டரைக்கும் குறைவான போல்ட்தான் இருக்கும். மாடர்னில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு வைப்பவர், இங்கே ஒன்று கிடைத்தாலே கொண்டாடுவார். கொல்லும் மந்திரம் அரிது, கிரியேச்சர்கள் சிறியவை. ஒரு மேனாவில் அவற்றில் எதையும் பெரும்பாலும் கொன்றுவிடும் சீட்டு இங்கே வைரம்.

அந்தப் போல்ட் எனக்கு நான்காவதாக வரும் பேக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டைவிட அது கொண்டுவரும் செய்திக்கு விலை அதிகம். எனக்கு வலப்பக்கம் உள்ள மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சிவப்பு ஆடவில்லை போலிருக்கிறது. முதல் பேக்கிலும் மூன்றாவது பேக்கிலும் சீட்டு அந்தப் பக்கமிருந்துதான் வரும். சிவப்பு தாராளமாக ஓடும். இரண்டாவது பேக் இடப்பக்கமிருந்து வரும். அங்கே உள்ளவர்களுக்கு நான் எதைத் தள்ளிவிட்டேனோ அதைத்தான் அவர்கள் பிடித்திருப்பார்கள். நல்ல சிவப்புச் சீட்டுகளை நானே வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பச்சையை அனுப்பியிருந்தால், இரண்டாவது பேக்கிலும் சிவப்பு எனக்கு வந்துசேரும். ஒரு வார்த்தை பேசாமல் எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

15 சீட்டு பேக் எட்டுப் பேரையும் சுற்றிவிட்டு ஒன்பதாவது முறை, ஏழு சீட்டோடு, முதலில் பிரித்தவர் கைக்கே திரும்பி வரும். அப்போது அதில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நான் எடுத்தது போக ஏழு சீட்டு காணாமல் போயிருக்கும். பிரித்தபோது இருந்ததை நினைவில் வைத்திருந்தால், ஐந்து சிவப்பில் நான்கு போய்விட்டனவா, நான்கு பச்சையும் அப்படியே கிடக்கின்றனவா என்று எண்ணிவிடலாம். நான்கு பச்சையும் கிடந்தால், முந்தைய சுற்றுகளில் பத்திரமாக எடுத்துவைத்த சிவப்புச் சீட்டுகளை ஒரு நிமிடம் பார்ப்பேன். பிறகு கை மெல்லப் பச்சைப் பக்கம் போகும்.