பதினேழு மில்லி விநாடிக்குள் ஒரு படம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் முதல்முறையாகக் கேமிங் கணினி வாங்க நுழைபவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதாகத்தான் இருக்கும். தொகையைச் சொன்னதும் ஒரு துண்டுத் தாளில் பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), கேபினெட் என்று வரிசையாக எழுதி, எதிரே விலை போட்டுக் கூட்டித் தருவார். அந்தத் தாளில் பல நேரங்களில் பிராசசரின் பெயர் கம்பீரமாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கோ மிச்சம் மீதிதான் ஒதுக்கப்பட்டிருக்கும். "ஐ7" என்று பிராசசரின் பெயரைச் சொல்லி விற்பது எளிது என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எந்தத் திரையில், எந்த விளையாட்டை, விநாடிக்கு எத்தனை படங்கள் வீதம் ஆடப்போகிறோம் என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே அந்தத் தாளில் பேனா வைக்க வேண்டும்.

திரையில் ஓடும் விளையாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் அசையாப் படங்களின் தொடர்தான். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஆகவே ஒரு ஃபிரேமைத் தயாரிக்கக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி மட்டுமே. இந்த அவகாசத்தில் நடக்கும் வேலை இரண்டு கைகளில் பிரிந்திருக்கிறது. விசைப்பலகையில் எந்த விசை அழுத்தப்பட்டது, எதிரி எந்தப் பக்கம் திரும்புகிறான், சுட்ட குண்டு சுவரில் பட்டதா ஆள்மேல் பட்டதா என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிட்டு, "இன்னின்ன பொருளை இன்னின்ன இடத்தில் வரை" என்ற கட்டளைகளின் பட்டியலைத் தயாரிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அந்தப் பட்டியலை வாங்கி, முக்கோணங்களால் ஆன உருவங்களைத் திரையின் தளத்தில் பதித்து, பிக்சல் என்னும் ஒவ்வொரு திரைப்புள்ளிக்கும் ஒளி, நிழல், பரப்பின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்து நிறத்தைத் தீர்மானிக்கிறது. 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால், விநாடிதோறும் 12 கோடியே 44 லட்சம் பிக்சல்களுக்கு நிறம் கண்டுபிடித்தாக வேண்டும்.

இந்த இருவரும் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் கைகட்டி நிற்பதில்லை. பரோட்டாக் கடையில் ஒருவர் மாவை வீசிச் சுற்றி வைக்க, இன்னொருவர் கல்லில் போட்டு எடுப்பதைப்போல, கிராபிக்ஸ் கார்டு ஒரு ஃபிரேமை வரையும்போதே பிராசசர் அடுத்த ஃபிரேமின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட நேரம் இருவரின் நேரங்களையும் கூட்டி வருவதன்று. மெதுவாக இருப்பவரின் நேரமே அது. பிராசசருக்கு 8 மில்லி விநாடியும் கிராபிக்ஸ் கார்டுக்கு 20 மில்லி விநாடியும் தேவைப்படும் ஒரு கணினியில் விநாடிக்கு 50 ஃபிரேம்கள் வரும். பணத்தைக் கொட்டி இருமடங்கு வேகமான பிராசசரைப் பொருத்தி, 8 என்பதை 4 ஆக்கினாலும் அதே 50 தான். அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போட்டு 20 என்பதை 10 ஆக்கியிருந்தால் 100 கிடைத்திருக்கும். குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கணினி கட்டும் கலையின் பெரும்பகுதி இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

திரையை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்கும் இதுவே காரணம். திரையின் பிக்சல் எண்ணிக்கை கூடும்போது கிராபிக்ஸ் கார்டின் சுமை மட்டுமே கூடுகிறது. எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று கணக்கிடும் பிராசசருக்கு அது ஏறக்குறைய ஒரு பொருட்டே அன்று. 2560×1440 திரையில் பிக்சல்கள் 78 சதவீதம் அதிகம். 4கே திரையில் சரியாக நான்கு மடங்கு. சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளை ஆட விரும்பும் சிக்கனக்காரர் 1080 திரையோடு நிற்பதே நல்லது. வேலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளின் கதை வேறு. அவற்றில் காட்சிகள் எளிமையானவை. ஆடுபவர்கள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விரும்புகிறார்கள். அப்போது ஒரு ஃபிரேமுக்கான அவகாசம் 6.9 மில்லி விநாடியாகச் சுருங்குகிறது. கிராபிக்ஸ் கார்டு முடித்துவிட்டுக் காத்திருக்க, பிராசசர் மூச்சிரைக்கும் நிலை இங்கேதான் வருகிறது. ஏற்கெனவே உள்ள கணினியில் யார் பின்தங்குகிறார் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு: விளையாட்டின் அமைப்புகளில் திரைத் தெளிவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கிராபிக்ஸ் கார்டு பின்தங்கியிருந்தது என்று பொருள். அசையாமல் நின்றால் பிராசசர்.

இரண்டு சில்லுகளும் ஏன் இவ்வளவு மாறுபட்டவை? ஒரு பிக்சலின் நிறம் பெரும்பாலும் பக்கத்துப் பிக்சலின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. எனவே எளிய கணக்கீட்டு அலகுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடலாம். பட்ஜெட் கணினிகளில் அதிகம் பேசப்பட்ட ஆர்எக்ஸ் 6600 கார்டில் இப்படி 1,792 அலகுகள் உள்ளன. ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசரில் இருப்பவை 6 கோர்கள், அதாவது தனித்தனியே கணக்கிடும் ஆறு பகுதிகள். ஆனால் அந்த ஆறும் வேறு வகை வேலைக்குப் பிறந்தவை. "கதவு திறந்திருந்தால் எதிரி உள்ளே வருவான், வந்தால் சுடுவான்" என்பதுபோல ஒன்றின் விடை தெரிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க முடிகிற சங்கிலிக் கணக்குகளை அவை விரைந்து முடிக்கின்றன. அந்த விரைவுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் தரவு வந்துசேரும் தாமதம்தான். 4.4 கிகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 440 கோடி துடிப்புகளில் ஓடும் ஒரு கோருக்கு ஒரு துடிப்பு என்பது ஏறத்தாழ 0.23 நானோ விநாடி. தேவையான தரவு ராமிலிருந்து வந்துசேர 70, 80 நானோ விநாடிகள் ஆகும். அதாவது முந்நூறு துடிப்புகளுக்கு மேல் வீண் காத்திருப்பு. இதைத் தவிர்க்கவே சில்லுக்குள் கேச் என்னும் சிறு நினைவகம் வைக்கிறார்கள். 5600 பிராசசரில் 32 எம்பி கடைநிலைக் கேச் உண்டு. பெயரில் ஓர் எழுத்து மட்டும் கூடிய 5600ஜி பிராசசரில் அதில் பாதி, 16 எம்பிதான். விளம்பர அட்டையில் இரண்டுக்கும் "6 கோர்" என்றே அச்சிட்டிருக்கும்.

அந்த ஒற்றை எழுத்துகளைக் கவனித்து வாங்க வேண்டும். ரைசன் 5000 வரிசையில் "ஜி" என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. கார்டு இல்லாமலே படம் வரும். இன்டெலின் ஐ3-12100எஃப் போன்றவற்றில் "எஃப்" என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு பொருத்தாதவரை திரை இருண்டே இருக்கும். இப்போதைக்குக் கார்டு வாங்கப் பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்பவருக்கு ஜி வகை நியாயமான வழி. கேச் பாதி என்ற விலையைத் தெரிந்தே கொடுக்கிறார், அவ்வளவுதான்.

என் அக்கா மகனுக்கு அப்படித்தான் 5600ஜி வைத்து ஒரு கணினி கட்டினோம். "16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்குங்கள், பின்னால் இன்னொன்று சேர்க்கலாம்" என்று கடையில் சொன்னது புத்திசாலித்தனமாகத் தோன்றியதால் அப்படியே வாங்கினோம். விளையாட்டு தடுக்கித் தடுக்கி ஓடியது. காரணத்தை அறிய ராமின் வேலையைப் பார்க்க வேண்டும். டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று, 64 பிட் அகலப் பாதையில் விநாடிக்கு 320 கோடி முறை தரவை நகர்த்துகிறது. கணக்கிட்டால் விநாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக்குகளை இரு வேறு சேனல்களில் (தரவுப் பாதைகளில்) பொருத்தினால் 51.2 ஜிபி. உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. பிராசசரும் அதுவும் இதே பாதையில்தான் முட்டிமோதுகின்றன. ஒற்றை ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்து 8 ஜிபி இரண்டாக மாற்றி, பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகிய பிறகு, அதே கணினி வேறு கணினியைப்போல் ஓடியது. தனிக் கார்டு உள்ள கணினியில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனாலும் இரண்டாக வாங்குவதில் நட்டமில்லை. இன்னொன்று: உறையில் 3200 என்று போட்டிருந்தாலும், கணினி விழிக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் என்னும் மென்பொருளுக்குள் சென்று, ராமை அதன் முழு வேகத்துக்கு மாற்றும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காதவரை பல ராம்கள் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கொடுத்த காசுக்கான வேகத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கார்டின் சொந்த நினைவகத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஆர்எக்ஸ் 6600 கார்டில் உள்ள 8 ஜிபி நினைவகம் விநாடிக்கு 224 ஜிபி தரவைத் தரவல்லது. விளையாட்டின் உருவங்கள்மேல் ஒட்டப்படும் படப்பரப்புகள் அந்த 8 ஜிபிக்குள் அடங்காமல் வழிந்தால், மிச்சத்தைக் கணினியின் ராமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக எடுத்துவர வேண்டும். இந்தக் கார்டுக்கு அந்தப் பாதையின் கொள்ளளவு விநாடிக்குச் சுமார் 16 ஜிபி மட்டுமே. 224 எங்கே, 16 எங்கே? சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தும், திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 4 ஜிபி கார்டுகளை இன்று புதிதாக வாங்குவதைத் தவிர்க்க வேண்டும் என்பேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்குப் பாடப்புத்தக உதாரணம்: 4 ஜிபி நினைவகம், நான்கே தடங்கள் கொண்ட பாதை. மூன்றாம் தலைமுறைப் பிசிஐ மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் அதைச் செருகினால் பாதையின் கொள்ளளவும் பாதியாகிவிடும். பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்க மலிவான கார்டு தேடுபவர்தான் இதில் அதிகம் அடிபடுவார்.

பழைய கார்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மெய்நிகர் நாணய வலையமைப்பு கார்டுகளைக் கொண்டு நாணயம் எடுக்கும் முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் முதலில் தேய்வது மின்விசிறியும் சில்லின் மேல் பூசிய வெப்பப் பசையும்தான். செகண்ட் ஹேண்ட் கார்டை, விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டி, வெப்பநிலையையும் விசிறிச் சத்தத்தையும் பார்த்து வாங்கினால் பெரும்பாலான தொல்லைகள் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

சேமிப்பகத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரவே சராசரியாக 4 மில்லி விநாடி ஆகிறது. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. எஸ்எஸ்டி ஃபிரேம்களைக் கூட்டாது. விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைக்கும். அதிவேக மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் 1 டிபி கொள்ளளவு வாங்குவது பயனுள்ளது. 100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம்.

மதர்போர்டிலும் இதே சிக்கனம் போதும், ஓர் எச்சரிக்கையோடு. பி450 போன்ற பழைய போர்டுகள் அலமாரியில் நெடுநாள் இருந்திருந்தால், அவற்றின் பயாஸுக்கு ரைசன் 5000 பிராசசரை அடையாளம் தெரியாது. பில் போடும் முன்பே புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டும். ரைசன் பிராசசர் அமரும் புதிய இருக்கையான ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் பிராசசரை மாற்றும் எண்ணம் இருந்தால் அந்தக் கூடுதல் செலவு நியாயம்தான். இல்லையெனில் ரைசன் 5000 அமரும் ஏஎம்4 போதும், மீதியைக் கார்டில் போடலாம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் ஆபத்து. கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியின் மேல் "450 வாட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் படிக்க வேண்டும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக 12 வோல்ட் தடத்திலிருந்தே எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். மீதி வாட்டுகள் நமக்கு உதவாத 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களில் கிடக்கின்றன. 36 ஆம்பியர் என்றிருந்தால் 432 வாட். 5600 பிராசசர் உச்சத்தில் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், மற்றவற்றுக்கு 50 என்று வைத்தால் தேவை 260 வாட்டை ஒட்டி வரும். கார்டுகள் சில மில்லி விநாடிகளுக்குத் தம் அளவைத் தாண்டித் திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சும் என்பதால், 450 முதல் 550 வாட் வரையிலான நேர்மையான எஸ்எம்பிஎஸ் தேவை. 80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் பயனாகிறது என்று மட்டுமே உறுதி தருகிறது; உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் எவ்வளவு தரமானவை என்பதற்கு அது சான்றன்று. ஆனாலும் முத்திரையே இல்லாத பெட்டியை நான் தொடமாட்டேன்.

உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு கூலர், குறிப்பிட்ட சுமையில், பிராசசரை அறையின் வெப்பநிலையைவிட இத்தனை பாகை கூடுதலாக வைத்திருக்கும் என்றுதான் சொல்ல முடியும். 25 பாகை அறையில் 70 பாகையில் ஓடும் பிராசசர், மே மாதத்து 38 பாகை அறையில் 83 பாகையைத் தொடும். குளிர்நாட்டுச் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது இந்த 13 பாகையை மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும். முகப்பில் கண்ணாடியும் வண்ண விளக்குமாய் மின்னும் கேபினெட்டைவிட, காற்று நுழையும் வலை முகப்பு கொண்டதே நம் ஊருக்கு ஏற்றது. தூசி சேரும், மாதம் ஒருமுறை தட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு மானிட்டர் கேபிளை எங்கே செருகுகிறோம் என்பதில்தான் அடிக்கடி தவறு நேர்கிறது. கணினியின் பின்புறத்தில், மேலே செங்குத்தாக நிற்கும் மதர்போர்டின் துளையும், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளையும் ஒரே வடிவில் இருக்கும். 5600 பிராசசர் என்றால் மேலே செருகினால் படமே வராது. தவறு உடனே தெரிந்துவிடும். 5600ஜி வாங்கி, ஆறு மாதம் கழித்துக் கார்டு சேர்த்தவருக்கோ பழைய துளையிலேயே படம் வந்துகொண்டிருக்கும். பின்புறம் எட்டிப் பார்த்து, கேபிளை ஒரு சாண் கீழே இறக்கிச் செருகி, விண்டோஸ் அமைப்புகளில் 60 என்று கிடக்கும் ஹெர்ட்ஸை 144க்கு மாற்றும்வரை, பட்ஜெட்டில் பாதியை விழுங்கிய கார்டு உள்ளே பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.