பெருந்தொற்றும் மருத்துவ மாணவர் மனநலமும்: மகளிடம் கேட்கும் கேள்வியையே மகனிடமும் கேட்டால் போதாது

கொவிட் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் அடங்கிக் கனகாலம். ஆனால் அந்த நேரம் மருத்துவ பீடங்களில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்னமும் மனநலக் கிளினிக்குக்கு வருகிறார்கள், சிலர் இப்போது டொக்டராகவே வருகிறார்கள். நித்திரை இல்லை, வோர்ட்டுக்குள் போகவே நெஞ்சு படபடக்கிறது என்று தொடங்குகிற கதையைக் கொஞ்சம் பின்னால் போய்க் கேட்டால் 2020, 2021இல் நிற்கிறது. இங்கே எழுதுவது எந்த ஒருவருடைய கதையும் இல்லை, திருகோணமலையில் பலரிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை.

முதலில் ஒன்று. மருத்துவ மாணவர்களின் மனச்சோர்வு கொரோனாவோடு வந்ததில்லை. 43 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வில், மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 வீதமானோருக்கு மனச்சோர்வு அல்லது அதன் அறிகுறிகள் இருந்தன. அப்படி இருந்தவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் 16 வீதம் அளவுதான். நோயைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகளே இப்படி! அதற்கு மேல்தான் பெருந்தொற்று வந்தது. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் உலகளவில் மனச்சோர்வு 28 வீதம் அளவுக்கும் பதகளிப்பு (ஓயாத பயமும் படபடப்பும்) 26 வீதம் அளவுக்கும் கூடியது, அதிலும் பெண்களுக்கும் இளவயதினருக்கும் கூடுதலாக. மருத்துவம் படிக்கிற பெண்பிள்ளை இந்த மூன்றுக்குள்ளும் வருகிறாள்.

இதைச் சொன்னவுடனே பெற்றோரிடமிருந்து, ஏன் சில விரிவுரையாளர்களிடமிருந்தும்கூட, வருகிற பதில் ஒன்றுதான்: "பொம்பிளைப் பிள்ளைகள் மென்மையானவர்கள்தானே." இதை நான் ஏற்கவே மாட்டேன். உடலியல் காரணங்களுக்குப் பங்கு இருக்கிறது, பருவ வயதுக்குப் பிறகு மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது எல்லா நாட்டிலும் தெரிந்த விஷயம். ஆனால் பல்கலைக்கழகம் மூடி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்த மகளுக்கு அந்த வீட்டில் என்ன காத்திருந்தது என்று கேட்காமல் மென்மை பற்றிப் பேசுவது அநியாயம். மூதூரிலும் குச்சவெளியிலும் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் முற்றத்துக்கும் வேலிக்கும் நடந்து சூம் வகுப்பு கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அதே நேரம் குசினியில் இருந்து அம்மா கூப்பிடுவா, தம்பியின் பள்ளிக்கூட வகுப்புக்கும் அந்த ஒரு போன்தான். படுக்கையில் கிடந்த அம்மம்மாவைப் பார்ப்பது யார்? மெடிசின் படிக்கிற பிள்ளை. மகன் கதவைச் சாத்தினால் படிக்கிறான், மகள் கதவைச் சாத்தினால் என்ன செய்கிறாள் என்ற கேள்வி. விடுதியில் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு தோழியிடம் அழுது முடித்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பாள், வீட்டில் அதற்கு இடமில்லை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. தொற்றால் இறந்தவரைப் புதைத்து அடக்கம் செய்ய 2021 பெப்ரவரி வரை அனுமதி கிடைக்கவில்லை, எரிக்கத்தான் விட்டார்கள். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ காய்ச்சல் வந்தால் நோயைவிட அதற்குப் பிறகு என்ன ஆகும் என்ற பயம். மருத்துவ மாணவன், மாணவி என்பதால் வீட்டில் எல்லோரும் பதிலுக்கு இவர்களின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

சரி, பெடியன்கள்? மனச்சோர்வை அளக்கிற கேள்வித்தாளில் அவர்களுக்குப் புள்ளி குறைவாக வரும். நாங்கள் பயன்படுத்துகிற பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, ஆர்வம் குறைந்ததா, நித்திரை, பசி, களைப்பு எப்படி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்று ஒன்பது விஷயம் கேட்கும். சினத்தைக் கேட்காது, குடியைக் கேட்காது. 1980களில் சுவீடனின் கோட்லாண்ட் தீவில் குடும்ப வைத்தியர்களுக்கு மனச்சோர்வைக் கண்டறியப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலைகள் குறைந்தன, ஆனால் குறைந்தது பெரும்பாலும் பெண்களில்தான், ஆண்களின் கணக்கு அசையவில்லை. ஆண்கள் வைத்தியரிடம் வரவுமில்லை, வந்தாலும் அவர்களின் சோர்வு சோர்வாகத் தெரியவுமில்லை. எரிச்சல், குடி, கண்மூடித்தனமான துணிச்சல் என்று வேறு உருவத்தில் வந்தது. அதன் பிறகுதான் அவற்றையும் கேட்கிற ஒரு தனி அளவுகோல் உருவானது.

இலங்கையிலும் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள் பெண்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். புள்ளி குறைவு என்பதால் பெடியன்கள் நலமாக இருக்கிறார்கள் என்பது உண்மையாக இருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. லொக்டவுனில் விடிய விடிய கேம் விளையாடினான், கமராவை மூடிவிட்டு வகுப்பில் படுத்தான், தகப்பனோடு சண்டை, கடலுக்குப் போய்வருகிற கூட்டத்தோடு குடிக்கப் பழகினான் என்று குடும்பங்கள் குற்றப்பத்திரிகை போலச் சொல்வதில் பாதி, என் அனுபவத்தில், நோயின் அறிகுறி. வீட்டில் அதற்குக் கிடைத்த மருந்து ஏச்சு.

பிறகு தாமதம். பரீட்சைகள் தள்ளிப்போய், வோர்ட் பயிற்சி நின்று, திரும்பி எழும்பும்போது 2022இல் பெற்றோல் இல்லாமல் மறுபடி ஒன்லைன். அந்த இழுபட்ட காலம் மகனிடம் "எப்ப உழைக்கப் போறாய்" என்றும் மகளிடம் "எப்ப கலியாணம்" என்றும் கேட்டது. கேள்வி இரண்டும் ஒரே அளவு நோகும், ஆனால் மகள் அம்மாவிடமாவது வாய் திறப்பாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படித்த பிள்ளைகளுக்கும் இதே தாமதம்தான், மருத்துவ மாணவர் மனநலம் என்ற பேச்சில் அவர்களை யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

மகளிடம் "ஏன் அழுறாய்" என்று கேட்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அவளுக்கென்று இருக்கிறது என்று கேளுங்கள், குறைவு என்றால் வீட்டு வேலையைத் தம்பிக்கும் பிரித்துக் கொடுங்கள். எத்தனையோ பேருக்கு மாத்திரைக்கு முன்பே இது உதவியிருக்கிறது. மகனிடம் "கவலையா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், முன்பு விளையாடப் போன கூட்டத்தோடு இப்போது போகிறாயா, இந்த மாதம் யாரோடு சண்டை பிடித்தாய், எவ்வளவு குடிக்கிறாய் என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்க வேண்டாம், மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து கேட்டால் பதில் வரும்.

தெரிந்தவர்கள் கிளினிக் வாசலில் பார்த்துவிடுவார்கள், கலியாணம் குழம்பும், டொக்டராகப் பதிவு கிடைக்காது என்ற பயங்களை நான் தினமும் கேட்கிறேன். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே படித்து முடித்து நன்றாக வேலை செய்கிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஊர்க் கிளினிக்குக்கு வரக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அது பகிடியாக வந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவு என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்துதான் இருக்கும்.