சீலிங்கில் கறை இருக்கும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒழுகலைப் பற்றித்தான். 2023 டிசம்பர் 17, 18 பெருமழைக்குப் பிறகு திருநெல்வேலியில் பல வாரம் வீடு வீடாக ஏணியோடு அலைந்தேன்.

அதில் பாளையங்கோட்டை வீடு ஒன்று. ஹால் நடுவில், ஃபேனை ஒட்டித் தாம்பாளம் அளவுக்குப் பழுப்புக் கறை. ஓரம் மட்டும் டீ காய்ந்ததுபோல அடர்ந்திருந்தது. "மூணு வருசமா பெயிண்ட் அடிக்கோம் தம்பி, மழை பெஞ்சா திரும்ப வந்துருது" என்றார் அந்த வீட்டு அம்மா. ஓரம் அப்படி அடுக்கடுக்காக இருந்தால், நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருக்கிறது என்று பொருள்.

மாடியில் கறைக்கு நேர் மேலே தட்டோட்டில் ஒரு குறையும் இல்லை. வெடிப்பு எட்டடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் இருந்தது. வேப்பஞ்சருகு மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்க, தேங்கிய தண்ணீர் வெடிப்பில் இறங்கி, தளத்துக்குள் புதைத்த ஒயர் பைப் வழியாக ஓடி ஃபேன் பக்கம் சொட்டியிருக்கிறது. ஃபேன், லைட் பக்கம் ஈரம் கண்டால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மழைக்குப் பின் கோட்டைத் தாண்டினால் மாடியைப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் வளர்ந்தால் மேல்மாடிக் குளியலறை, குழாய், தொட்டி இவற்றில்தான் கசிவு.

எனக்குப் பயம் கறையைப் பார்த்தல்ல, சத்தத்தைக் கேட்டுத்தான். சீலிங்கைக் கம்பு நுனியால், ஓரமாக நின்று மெல்லத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். காரை விட்டுப்போன இடம் வெற்றுப் பானை போலப் பொக்கென்று கேட்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதுவே கான்கிரீட்டைக் கீழே தள்ளும். கம்பி போகும் வாக்கில் நேர்கோடாக வெடிப்போ துருக்கறையோ கண்டால், கட்டிலையும் தொட்டிலையும் அன்றைக்கே நகர்த்திவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். அதன்மேல் பெயிண்டோ பட்டியோ பூசினால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பழைய கட்டைக்குத்து மட்டப்பாவில், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட தளத்தில், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது.

பாளையங்கோட்டையில் சருகை அள்ளி, வெடிப்பை வெட்டித் திறந்து அடைத்து, தண்ணீர் நிற்காதபடி மூலையைச் சரிவாகப் பூசினோம். தளம் நன்றாகக் காயட்டும், தை முடிந்து பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.