"அது உங்கடை இல்லை" எண்டு சொன்னா பிள்ளையின்ர மூளைக்குள்ள என்ன நடக்குது?

போன கிழமை ஒரு அம்மா எழுதிக் கேட்டிருந்தா. யாழ்ப்பாண ரவுணில ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு நாலு வயசு மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா, பொடியன் நேர போய் ஒரு சமையல் செற்றைத் தூக்கிக்கொண்டு நிண்டானாம், அங்க வேலை செய்யிற பிள்ளை "தம்பி அது பொம்பிளைப் பிள்ளையளின்ரை, உங்கடை அங்கால நீல றாக்கையில கிடக்கு" எண்டு சொன்னாவாம். அவ்வளவுதான். செற்றை வைச்சிட்டான். அழவும் இல்லை, பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கவும் இல்லையாம். ஒரு வசனத்தில எப்பிடி ஆசை போச்சு, கடையள் இப்பிடிப் பிரிச்சு வைக்கிறது சரியோ எண்டு கேக்கிறா.

ரெண்டு மூண்டு வயசிலயே பிள்ளையளுக்கு நான் பொடியன், நான் பெட்டை எண்டது விளங்கத் தொடங்கிடும். அதுக்குப் பிறகு உலகத்தில காணுறதெல்லாத்தையும் "எங்கடை", "அவையின்ரை" எண்டு ரெண்டாப் பிரிச்சு அடுக்கத் துடங்குவினம். 1981இல சாண்ட்ரா பெம் எண்ட உளவியலாளர் இதைத்தான் ஒரு கோட்பாடா எழுதினவ, அதே வருசம் கரோல் மார்ட்டினும் சார்ள்ஸ் ஹால்வர்சனும் கிட்டத்தட்ட இதையே எழுதிச்சினம். நிறமும் இந்தப் பிரிப்புக்குள்ளதான் வருது. 2011இல வந்த ஒரு ஆய்வில 7 மாசத்தில இருந்து 5 வயசு வரைக்குமான பிள்ளையளுக்கு ரெண்டு ரெண்டு சாமானா, ஒண்டு பிங்க், மற்றது வேற நிறம், காட்டி எடுக்கச் சொன்னவை. கைக்குழந்தையளிட்ட பிங்க் மேல தனி விருப்பம் இல்லை, ரெண்டரை வயசளவில பெட்டையள் பிங்க்கைத் தேடி எடுக்கினம், பொடியள் வரவர அதைத் தள்ளி வைக்கினம்.

இதெல்லாம் பலர் கேள்விப்பட்டதுதான். எனக்கு மறக்கேலாத ஒண்டு 1986இல அமெரிக்காவில செய்த பெட்டிப் பரிசோதனை. 4 வயசில இருந்து 9 வயசு வரைக்குமான பிள்ளையளுக்கு முன்னால பெட்டியள் வைச்சினம், உள்ளுக்க இருந்தது விளையாட்டுச் சாமானே இல்லை, பீட்சா வெட்டுற சில்லு, கள்ளர் அலாரம் மாதிரிச் சாமான், அந்தப் பிள்ளையளுக்கு அது ஆம்பிளையின்ரையோ பொம்பிளையின்ரையோ எண்டு தெரிய வழியே இல்லை. பெரியாக்கள் செய்தது ஒண்டே ஒண்டுதான், இது பொடியளின்ர பெட்டி, இது பெட்டையளின்ர பெட்டி எண்டு சொன்னது. அதே சாமானை ஒரு பிள்ளைக்கு அப்பிடியும் இன்னொரு பிள்ளைக்கு இப்பிடியும் மாத்திச் சொன்னவை, அதால சாமானில இருக்கிற கவர்ச்சிதான் காரணம் எண்டு ஆரும் சொல்லேலாது. என்ன நடந்தது? "தங்கடை" பெட்டியைத் தொட்டு, தடவிப் பாத்து, கேள்வி கேட்டு நிண்டவை, மற்றப் பெட்டியில அவ்வளவு மினக்கெடேல்லை. சரி, இது விருப்பம் சம்பந்தப்பட்டது எண்டு விட்டிடலாம். ஆனா ஒரு கிழமை கழிச்சுத் திரும்பிப் போய், அந்தச் சாமான் என்ன, என்ன செய்யிறது எண்டு கேட்டவை. தங்கட பெயர் போட்ட பெட்டியில இருந்ததைப் பற்றி விபரமாச் சொல்லிச்சினம், மற்றதைப் பற்றிக் குறைவாத்தான் சொல்லிச்சினம். வெக்கத்தில சொல்லாமல் இருக்கினமோ எண்டு சந்தேகம் வருமெல்லே, அதுக்காகச் சரியாச் சொன்னா பரிசு எண்டும் ஆசை காட்டிப் பாத்தவை. அப்பவும் வித்தியாசம் போகேல்லை. ஏனெண்டா அவை ஒளிச்சு வைக்கேல்லை, கை குறைவாப் போன பெட்டியில இருந்து மூளைக்கும் குறைவாத்தான் போய்ச் சேந்தது. எத்தினை தரம் வாசிச்சாலும் எனக்கு இந்த இடத்தில புல்லரிக்கும். நாங்கள் ஆசையைத்தான் திருப்பிறம் எண்டு நினைக்கிறம், அந்தச் சொல்லு படிப்பையே குறைச்சுப் போடுது.

அந்தப் பொடியன்ர விசயமும் இதே வழிதான். 1995இல மார்ட்டினும் கூட்டாளியளும், நல்ல வடிவான, முந்தி காணாத விளையாட்டுச் சாமானைக் காட்டி "இது மற்றவைக்கு" எண்டு சொல்ல, பிள்ளையளுக்கு அதில இருந்த விருப்பம் குறைஞ்சதைக் கண்டவை.

பிறப்பிலயே வித்தியாசம் இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு, மறைக்கிறது சரியில்லை. கருவில ஆண் ஹோர்மோன் கூடச் சுரக்கிற ஒரு வருத்தத்தோட பிறந்த பெட்டையள் கார், லொறி கூடுதலா எடுக்கினம், தாய் தேப்பன் பாவைப்பிள்ளையைக் குடுத்தாலும் அப்பிடித்தான். குரங்குகளிலும் ஓரளவு இப்பிடிக் கண்டிருக்கினம். ஆனா அப்பிடி இயல்பாவே விருப்பம் இருந்தா அது கடையில பொடியள், பெட்டையள் எண்டு பலகை போடாமலும் வரும்தானே, பிறகென்னத்துக்குப் பலகை?

கட்டைகளை அடுக்கிக் கட்டுறது பிள்ளையின்ர இடம்சார்ந்த அறிவோட, அதாவது ஒரு பொருளை மனசுக்குள்ள திருப்பிப் பாக்கிற திறமையோட, சம்பந்தப்பட்டது. 217 ஆய்வுகளைச் சேத்துப் பாத்து 2013இல எழுதின கட்டுரை ஒண்டு இந்தத் திறமை பழகப் பழகக் கூடும் எண்டு சொல்லுது. அப்ப பெட்டையளை அந்த றாக்கைக்குக் கிட்டப் போக விடாமல் வைச்சிட்டு ஏ/எல்லில வந்து "பெட்டையளுக்குப் படம் கீறிக் கணக்குச் செய்ய வராது" எண்டு சொல்லுறது அநியாயம். பொடியனுக்கும் அதேதான், பாவைப்பிள்ளையைத் தூக்கி ஆராட்டினா பொம்பிளை மாதிரி வந்திடுவான் எண்டு பயப்பிடுறது பல்லி சொல்லுறதுக்குப் பயப்பிடுறது மாதிரித்தான், ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. எங்கட வீட்டில நுங்கு வண்டில் செய்யிறதில அக்காதான் விண்ணி, கொக்கான் வெட்டுறதில அவவை நான்தான் வெண்டனான். நல்லூர்த் திருவிழாவில சாக்கு விரிச்சுக் குவிச்சு வைச்சிருப்பினம், பாவைப்பிள்ளையும் தண்ணித் துவக்கும் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கும், குந்தியிருந்து கிளறி எடுக்க வேண்டியதுதான்.

கலிபோர்னியாவில 2021இல ஒரு சட்டம் போட்டு 2024 ஜனவரியில இருந்து நடைமுறை. 500 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற பெரிய கடையள் விளையாட்டுச் சாமானுக்கு ஆண், பெண் எண்டு பிரிக்காத பொதுவான ஒரு பகுதி வைக்கோணும், இல்லாட்டி முதல் தரம் 250 டொலர் வரை குற்றக்காசு. ஆண், பெண் பகுதியைத் தூக்கச் சொல்லேல்லை. எங்களுக்குச் சட்டம் தேவையில்லை எண்டது என்ர எண்ணம், கடைக்காரர் பலகையைக் கழட்டி, கட்டுறது, ஓட்டுறது, சமைக்கிறது, கீறுறது எண்டு அடுக்கினா காணும். நான் இங்க சொன்ன ஆய்வெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளையளை வைச்சுச் செய்தது. நாலு பெட்டியும் ஒரு முன்பள்ளியும் போதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பிள்ளையள் ஆராவது இதை இஞ்ச செய்யோணும், இப்பிடிச் சின்ன ஆய்வுகளுக்குக் காசு ஒதுக்காமல் பெரிய கட்டிடத்துக்கு மட்டும் ஒதுக்குறது எனக்கு உண்மையில கவலை.

அம்மா, நீங்கள் திரும்பிப் போய் அந்தச் செற்றை வாங்குங்கோ. முன்னுக்குப் பெட்டைப்பிள்ளையின்ர படம் போட்ட அட்டைப்பெட்டியாத்தான் இருக்கும், அதை வீட்டு வாசலிலயே கழட்டி எறிஞ்சிட்டு, சட்டி பானையை ஒரு கடகத்துக்குள்ள போட்டு அவனுக்கு முன்னால வைச்சிட்டு, ஒண்டும் சொல்லாமல் உங்கட வேலையைப் பாருங்கோ.